சமைத்தவர் யார்? – காதல் கதைகளும் அடுப்பங்கரையும்

குடும்பத்தையும் காதலையும் பொருளாகக் கொண்ட நாவல்கள் நம் இல்லங்களில் நெடுங்காலமாகவே வாசிக்கப்பட்டு வருகின்றன. கூடத்தில் அமர்ந்து வெளிப்படையாக வாசித்தோர் சிலர். தலையணைக்கு அடியில் மறைத்து வைத்து வாசித்தோர் பலர். இவை யாவும் குப்பை என ஒதுக்குவோர் ஒருபுறம். பொழுதுபோக்கு நூலில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்போர் மறுபுறம். இவ்விரு சாராரோடும் நமக்கு உடன்பாடில்லை. ஆயிரக்கணக்கான பெண்களும் இளைஞர்களும் விரும்பி வாசிக்கும் ஒரு நூல்வகை, இல்வாழ்க்கையைப் பற்றி அவர்களுக்கு எதையோ கற்பித்துக் கொண்டேதான் இருக்கிறது. அது கற்பிப்பது மெய்யா, பொய்யா என்று ஆராய்வது திறனாய்வின் கடமை.

இந்நூல்களில் காதலுக்கு அடுத்தபடியாக மிகுதியும் இடம்பெறுவது சமையல். கோபித்துக்கொண்ட கணவனை ஒரு கிண்ணம் பாயசம் இளக்கிவிடும். கடுகடுத்த மாமியாரை மருமகளின் மீன்குழம்பு வென்றுவிடும். பிரிந்த குடும்பம் ஒரு பெருநாள் விருந்தில் ஒன்றுசேரும். படிக்கும்போது நாவூறுகிறது, படித்து முடித்தபின் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அவ்வளவு பேருக்கும் சமைத்தவர் யார்? அவர் எப்போது உண்டார்? பெருநாள் விருந்தின் பெருமை எவர் பெயரில் எழுதப்பட்டது?

இவ்வினாவை முன்வைத்தே இக்கட்டுரையில் சில நாவல்களைப் பார்க்க விழைகிறோம். முதலில் எடுத்துக்கொள்வது ஓர் ஆங்கில நாவல். காதலையும் இத்தாலியச் சமையலையும் குழைத்து ஆங்கிலத்தில் அண்மைக் காலத்தில் வெளிவந்துள்ள நூல்கள் பல. அவற்றுள் அந்தோனி கபெல்லா எழுதி 2004ஆம் ஆண்டில் வெளியான ‘தி ஃபுட் ஆஃப் லவ்’ குறிப்பிடத்தக்கது. ‘காதலின் உணவு’ என்று தமிழில் சொல்லலாம்.

கதை நிகழ்வது ரோமாபுரியில். கலை வரலாறு பயில அமெரிக்காவிலிருந்து வந்த லாரா என்னும் இளம்பெண், சமையல் அறிந்த ஓர் ஆடவனையே நேசிப்பதென்று முடிவு செய்கிறாள். ஒரு புகழ்பெற்ற உணவகத்தில் பரிமாறும் பணி செய்யும் தோமாசோ என்னும் அழகன் அதனை அறிந்து, தானே சமையற் கலைஞன் என்று அவளிடம் பொய்யுரைக்கிறான். அவனுடைய நண்பன் புரூனோ உண்மையிலேயே பெரும் சமையற்காரன். ஆனால் கூச்ச சுபாவம் உடையவன். தோமாசோவுக்காகப் புரூனோ திரைமறைவில் சமைக்கிறான். உணவை உண்ட லாரா தோமாசோவின் மீது மையல் கொள்கிறாள். புரூனோவோ தன் நெஞ்சில் அவளைச் சுமந்தபடி அடுப்படியிலேயே நிற்கிறான்.

பிரெஞ்சு நாடகம் பயின்றோர்க்கு இக்கதை எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிடும். எட்மண்ட் ரோஸ்தான் எழுதி 1897இல் அரங்கேறிய ‘சிரனோ தெ பெர்ஜெராக்’ நாடகத்தில், பெரிய மூக்குடைய கவிஞன் ஒருவன் அழகான மற்றொருவனுக்காகக் காதல் மொழிகளை எழுதித் தருகிறான். அங்கே கவிதை இருந்த இடத்தில் இங்கே உணவு வந்திருக்கிறது. அவ்வளவே மாற்றம் எனத் தோன்றும். ஆயினும் இம்மாற்றம் சிறியதன்று. கவிதை எழுதியவன் எவன் என்று தேடுவது உலக வழக்கம். உணவைச் சமைத்தவர் எவர் என்று தேடுவோர் அரியர்.

இந்நாவலின் குற்றங்களை மறைக்க வேண்டியதில்லை. அதன் பல பக்கங்கள் நம் குடும்பங்களில் உரக்க வாசிக்கத் தக்கவை அல்ல. காதல் என்பது பெரும்பாலும் உடல்வேட்கையாகவே சித்திரிக்கப்படுகிறது. ரோம் நகரமோ, விலைவாசியும் வாடகையும் இல்லாத ஓர் உல்லாசத் தலம் போல் காட்சி தருகிறது. இருந்தும், அதன் நடுவே ஒரு மெய்யான கருத்து இருப்பதை மறுக்க இயலாது: உணவில் ஒருவருடைய அன்பு இறங்கியிருக்கக் கூடும், உண்பவரின் நன்றியோ வேறொருவருக்குப் போய்ச் சேரக் கூடும். கபெல்லாவின் கதையில் உண்மை ஒருநாள் வெளிப்பட்டுவிடுகிறது. நம் வீடுகளில் அது வெளிப்படுகிறதா என்பதே நம் கேள்வி.

இத்தாலியச் சமையலோடு நமக்கென்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். உறவு உண்டு, அது பழமையானதும் ஆகும். 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை சிசிலித் தீவு முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சி முடிந்த பின்னரும் அரபு அறிஞர்கள் அங்கு மதிக்கப்பட்டனர். மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த அல் இத்ரீஸி, 1154இல் நிறைவு செய்த தம் புவியியல் நூலில், பலர்மோ நகருக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் ‘இத்ரிய்யா’ என்ற மாவு இழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல்களில் ஏற்றுமதி ஆவதைக் குறிப்பிடுகிறார். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து இழையுணவைக் கொண்டுவந்தார் என்பது பலரும் சொல்லும் கதை. அவர் வெனிஸ் திரும்பியது 1295இல். இத்ரீஸியின் குறிப்போ அதற்கு 141 ஆண்டுகள் மூத்தது.

இத்தாலியின் தொன்மையான சுவை என்று காதல் நாவல்கள் கொண்டாடும் தக்காளிச் சாறும் அத்துணைத் தொன்மை வாய்ந்ததன்று. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். நம் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததே. ரோம் நகரத்து ஏழைகளின் சமையலில் புகழ்பெற்றவை குடல், ஈரல், வால் முதலியன. நல்ல இறைச்சி செல்வர் இல்லங்களுக்குப் போனபின் எஞ்சியவற்றை அம்மக்கள் ‘ஐந்தாம் கால்பாகம்’ என்று அழைத்தனர். மதுரைத் தெருக்களில் குடற்குழம்பும் சுவரொட்டியும் ஆட்டுக்கால் பாயாவும் உண்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பென்ன? எஞ்சியதைச் சுவையாக்கும் திறமை எல்லா நாட்டு ஏழைகளுக்கும் பொதுச்சொத்து. ஆகவே இத்தாலிய அடுப்பைப் பற்றிய கதையை அயலார் கதை என்று தள்ளாமல், நம் அடுப்பைப் பார்க்க உதவும் கண்ணாடியாகக் கொள்ளலாம்.

அவ்வாறு கொள்வதற்கு உல்லாசக் கதைகளைவிட இத்தாலியின் மூத்த நாவலே மிகவும் உதவும். அலெஸ்ஸாந்த்ரோ மன்ஸோனி எழுதிய ‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி’, அதாவது ‘நிச்சயிக்கப்பட்ட மணமக்கள்’, 1827இல் முதலில் வெளிவந்து, 1840க்கும் 1842க்கும் இடையில் திருத்திய வடிவம் பெற்றது. இத்தாலியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்படும் நூல் அது. அதுவும் காதல் கதைதான். 1628ஆம் ஆண்டில் தொடங்குகிறது. பட்டுத் தொழிலாளியான ரென்ஸோவும் லூச்சியாவும் மணம்புரிய இருக்கையில், அவ்வூர் ஆதிக்கப் பிரபு ஒருவன் லூச்சியாவின் மேல் கண் வைத்து, அத்திருமணத்தை நடத்தக் கூடாதென்று பாதிரியாரை மிரட்டுகிறான்.

வேறு வழியறியாத ரென்ஸோ, பாதிரியார் முன்னிலையில் திடுமென மணவுறுதி சொல்லிவிட எண்ணி, இரு சாட்சிகளைத் தேடிப் போகிறான். நிக்காஹ்வுக்குச் சாட்சிகள் இன்றியமையாதவர் என்பதை அறிந்த நமக்கு இவ்விடம் எளிதில் விளங்கும். அவன் தோனியோ என்னும் ஏழை நண்பனின் குடிலுக்குள் நுழையும்போது, அங்கே களி வெந்து கொண்டிருக்கிறது. ‘பொலெந்தா’ என்று இத்தாலியர் சொல்வது நம் களியேயன்றி வேறன்று. இன்று அதனை மக்காச்சோள மாவில் கிண்டுகின்றனர். தோனியோ வீட்டில் வெந்தது கருநிறச் சிறுதானிய மாவு. அடுப்பருகே மண்டியிட்டுத் துடுப்பைச் சுழற்றுபவன் குடும்பத் தலைவனாகிய தோனியோவே. தாயும் தம்பியும் மனைவியும் மக்களும் சூழ்ந்திருந்து சட்டியையே பார்த்திருக்கின்றனர். களியின் அளவை நிர்ணயித்தது அவ்வாண்டின் விளைச்சல். உண்போரின் தொகையோ பசியோ அன்று. ரென்ஸோ, தோனியோவை உண்பதற்கு வெளியே அழைத்துச் செல்கிறான். அப்போது வீட்டார் வருந்தவில்லை. சட்டிக்கு இருந்த பெரிய போட்டியாளர் ஒருவர் குறைந்தார் என்று உள்ளூர மகிழ்கின்றனர்!

இவ்விடத்தில் நகைச்சுவையும் துயரமும் பிரிக்க இயலாதபடி கலந்துள்ளன. இதனை நாம் வாசித்தது எழுமலையில். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் அருகில் உள்ள எழுமலை வட்டாரத்தில், மழையை நம்பி விதைக்கும் புன்செய்கள் மிகுதி. சோளமும் கம்பும் கேழ்வரகும் எப்படிக் களியாகவும் கூழாகவும் ஆயின, நெல்லுச்சோறு எப்படிப் பெருநாளுக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது என்பதை இப்பகுதியின் முதியோர் எவரும் எடுத்துச் சொல்வர். மழை பொய்த்த ஆண்டில் சட்டி சிறுத்தது. சட்டி சிறுத்தபோது கடைசியாக உண்டவருக்கே அந்தக் குறை முழுவதும் போய்ச் சேர்ந்தது. கடைசியாக உண்டவர் யார் என்பதை எழுமலையிலும் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. வேறு எந்த ஊரிலும் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

மன்ஸோனியின் பெருமை இதுவே: மணமக்களின் காதலைச் சொல்ல வந்தவர், தானிய விலையையும் சொன்னார். அதே ஆண்டு நவம்பர்த் திங்களில் மிலான் நகரில் ரொட்டிக்காக மூண்ட கலகத்தையும், 1630இல் வந்த கொள்ளைநோயையும் அக்காதலரின் பாதையிலேயே வைத்தார். அதனால் ரென்ஸோவும் லூச்சியாவும் இறுதியில் ஒன்றுசேரும்போது, அந்த இல்வாழ்க்கை எவ்வளவு அருமையானது என்று நாம் உணர்கிறோம்.

இனி நம் படைப்பாளர் பக்கம் வருவோம். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று போற்றப்படுபவர். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அந்நூலுக்கு அணிந்துரை வழங்கினார் என்பது ஒன்றே, அக்கால அறிஞருலகம் அவரை எவ்வாறு வரவேற்றது என்பதற்குச் சான்று. அவர் நூலுக்குச் சூட்டிய தலைப்பு ஒரு வினா. காதலும் கடமையும் எதிரெதிர் நிற்பவை என்னும் எண்ணம் அவ்வினாவுக்குள் இருக்கிறது. அதன்பின் வந்த எத்தனையோ குடும்ப நாவல்களுக்கும் அதே வினாதான் அச்சாணி. ஆனால் நம் வீடுகளில் இவ்விரண்டும் தனித்தனியே நிற்காத ஓர் இடம் உண்டு; அதுவே அடுப்பங்கரை. அங்கே ஒரு பெண் செய்வது அன்பினாலா, கடமையினாலா என்று அவளாலேயே சில வேளை பிரித்துச் சொல்ல முடியாது. கேட்பாரும் இல்லை.

கேட்டவர் தோப்பில் முஹம்மது மீரான். 1997ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’ நாவலில் காதல் இல்லை. குடும்பம் உண்டு, உணவு உண்டு. முன்னோர் தேடிவைத்த பெருமையில் சாய்ந்து கிடக்கும் முஸ்தபாக்கண்ணு, உழைப்பதில்லை. வீட்டிலுள்ள பழம்பொருள்களை ஒவ்வொன்றாக விற்று, நாக்குக்கு ருசியானதை வாங்கி உண்கிறார். சமைத்துத் தரும் மனைவி மரியத்துக்குக் கிடைப்பதோ ஏச்சும் அடியும். மரச்சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியேற, பாரம்பரிய வீடு வெறுமையாகிறது. உணவின் மணம் இந்த நாவலிலும் உண்டு. ஆனால் அம்மணம் எதை விற்று வந்தது, எவர் கண்ணீரில் வெந்தது என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. ருசியை அறிந்த நாக்கு அன்பை அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய தமிழ் நாவல் வேறொன்றை நாம் அறியோம். நல்ல உணவை ரசிப்பவன் நல்ல காதலனாகவே இருப்பான் என்னும் உல்லாசக் கதைகளின் நம்பிக்கைக்கு இந்நூல் தக்க மறுமொழி.

அடுத்தது, துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. 2004இல் வெளிவந்தது, கபெல்லாவின் நாவல் வெளியான அதே ஆண்டு. இரண்டும் வாழ்வது இருவேறு உலகங்களில். சல்மாவின் நாவலில் ராபியா என்னும் சிறுமியின் கண்கள் வழியே பெரும்பகுதியும் வீட்டின் உட்பகுதியைக் காண்கிறோம். வஹிதாவின் திருமணத்துக்கான ஏற்பாடுகள் ஒருபுறம். சமூகம் ஏற்க மறுக்கும் ஒரு நேசத்தில் விழுந்த பிர்தவ்ஸின் துயரம் மறுபுறம். பெண்கள் ஒருவரோடொருவர் பேசிச் சிரிப்பதும், பொறாமை கொள்வதும், ஆறுதல் சொல்வதும், முடிவில்லாத வீட்டுவேலையின் ஊடேயே நிகழ்கின்றன. ஆண்கள் கேட்டறியாத பேச்சு அது. இந்நாவல் வெளிவந்தபோது நம் சமுதாயத்தில் எழுந்த மனத்தாங்கலை நாம் அறிவோம். வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லலாமா என்று கேட்டனர். நாம் திருப்பிக் கேட்கிறோம்: வீட்டுக்குள் நடப்பதில் விருந்தை மட்டும் வெளியே சொல்வது என்ன நியாயம்?

சல்மா, பருவமடைந்தபின் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டவர். மளிகைச் சாமான் கட்டி வந்த செய்தித்தாள் துண்டுகளைக் கூட விடாமல் வாசித்தார் என்பது அவரைப் பற்றிய செய்திகளில் இடம்பெற்றுள்ளது. நம் வீட்டு அடுப்பங்கரைக்குப் பருப்பும் சீனியும் சுற்றி வந்த தாள், ஓர் எழுத்தாளருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. இதனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும் கடமையே நமக்கு உண்டு.

இந்நூல்களை எல்லாம் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. சமையலைக் கதையில் சேர்ப்பதால் மட்டும் ஒரு நாவல் குடும்ப நாவலாகிவிடாது. கபெல்லா சமைத்தவனைத் திரைக்கு முன்னே கொண்டுவந்தார். ஆனால் சட்டியின் விலையைச் சொல்லவில்லை. மன்ஸோனி விலையைச் சொன்னார். மீரான் உண்பவனின் கொடுமையைச் சொன்னார். சல்மா சமைப்பவர்களின் பேச்சைக் கேட்கச் செய்தார். இந்நால்வரும் தந்ததை ஒருங்கே தரும் ஒரு நல்ல காதல் நாவல், நம் தமிழ் முஸ்லிம் வாழ்விலிருந்து இன்னும் பிறக்க வேண்டியிருக்கிறது.

‘பாய் வீட்டுப் பிரியாணி’ என்று தமிழ்நாடு முழுவதும் அன்போடு சொல்கிறார்கள். பெருநாளன்று அண்டை வீட்டாருக்கு அனுப்பும் அந்தப் பாத்திரத்தில் நட்பு இருக்கிறது. அதைக் குறித்து நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அந்தத் தொடரில் வீடு பாயுடையது, பிரியாணியும் பாயுடையது. முந்தின இரவே இஞ்சியும் பூண்டும் அரைத்து, விடியுமுன் எழுந்து அரிசி களைந்து, தம் போட்டு, புத்தாடை உடுத்தவும் நேரமின்றிப் பரிமாறியவளின் பெயர் அதில் இல்லை. புரூனோ திரைக்குப் பின்னே நின்றது சில மாதங்கள். நம் அன்னையர் நின்றது வாழ்நாள் முழுவதும்.

இவ்வாறு எழுதுவதால், சமைப்பதை இழிவென்று சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. கைப்பக்குவம் என்பது கல்வியே. அதில் மகிழும் பெண்ணின் மகிழ்ச்சி மெய்யானதே. அந்த மகிழ்ச்சியைப் பெண்ணுக்குரிய ஒரே தகுதியாக்கி, பெண் பார்க்கப் போகும் இடத்தில் ‘சமைக்கத் தெரியுமா?’ என்று முதற்கேள்வி கேட்கும் வழக்கத்தையே நாம் மறுக்கிறோம். ‘என்ன படிக்க விருப்பம்?’ என்பதும், மாப்பிள்ளையிடம் ‘களி கிண்டத் தெரியுமா?’ என்பதும் ஏன் கேட்கப்படுவதில்லை? தோனியோவுக்குத் தெரிந்திருந்தது. அதைவிட மேலான முன்மாதிரியும் நமக்கு உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவியபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று அன்னையார் விடை பகர்ந்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். எந்த உணவையும் பெருமானார் குறை கூறியதில்லை என்பதும் அந்நூல்கள் தரும் செய்தியே. இதனை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், நம் கதைகளில் ஓர் அத்தாவையேனும் அம்மிக்கு அருகில் அமர்த்தியிருக்கிறோமா?

எனவே, எழுத முனையும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. காதலை எழுதுங்கள், அதில் தவறில்லை. விருந்தையும் எழுதுங்கள். எழுதும்போது, அரிசி எந்தக் கடையில் கடனாக வந்தது, தேக்சாவை இறக்கிய கை யாருடையது, அந்தக் கைக்கு உரியவர் எத்தனை மணிக்கு உண்டார், அவருக்கு எஞ்சியது என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த விவரங்கள் காதலைக் குலைத்துவிடும் என்று அஞ்ச வேண்டா. களைத்து வந்தவளுக்கு ஒருவன் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தான் என்னும் ஒரு வரியில், பத்துப் பக்க வருணனையில் இல்லாத நேசம் இருக்கக் கூடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகள் கையில் நாவலைக் கண்டால் பறிக்காதீர்கள். அதனை நீங்களும் வாசியுங்கள். வாசித்தபின், அக்கதையில் சமைத்தவர் யார் என்று அவளிடம் கேளுங்கள். மகனிடமும் அதையே கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடப் பழகிய பிள்ளைகள், பொய்யான காதல் கதையையும் மெய்யான காதல் கதையையும் தாமே பிரித்தறிவார்கள். அடுத்த பெருநாள் விருந்தில், உணவு நன்றாயிருக்கிறது என்று அடுப்பங்கரை வரை சென்று சொல்லிவிட்டு வரவும் அவர்கள் மறக்கமாட்டார்கள்.